புறம்போக்குப் புத்தகங்கள்

பழைய புத்தகங்களைப் பற்றி எழுதுகிற தொழிலில் ஒரே ஒரு சௌகரியம், எழுதினவர் சண்டைக்கு வரமாட்டார். அவருக்குப் பதிலாக ஊர் வரும். பத்திரிகையில் நாலு வரி எழுதிவிட்டு, யாராவது படித்தார்களா என்று டீக்கடை முகங்களை நோட்டம் விட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு சின்ன வாரப் பத்திரிகை வந்தது. ஆசிரியர் அண்ணாச்சிக்குக் கல்யாணப் பத்திரிகை அடிப்பதுதான் பிழைப்பு, வாரப் பத்திரிகை ஆசை. யாரும் சீந்தாத பழைய சிந்து, கும்மிப் புத்தகங்களைப் பற்றி எழுத எனக்கு அரைப் பக்கம் கொடுத்தார். கூடவே ஒரு கெடு: “ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் பாப்பேன். ஒரு ஆளாவது முழுசாப் படிச்சேன்னு வந்து சொல்லணும். இல்லேன்னா அங்கன உர விளம்பரம்தான்.” உரக்கடைக்காரர் விளம்பரத்தை அடிக்கிற அச்சு பிளாக்கையே கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டார். தினமும் அதன் முகத்தில்தான் விழித்தேன்.

சர்வே நம்பர்

முதலில் எழுதியது ஒரு வழிநடைச் சிந்து பற்றி. பஸ் இல்லாத காலத்தில் ராயகிரியிலிருந்து நம்ம ஊர்க் கோயிலுக்கு நடந்துவந்த ஒருவர், வழியெல்லாம் பட்ட பாட்டைப் பாட்டாகவே கட்டியிருந்தார். “அடுத்தவன் பாட்டப் போட்டா கேஸ் வராதா?” என்று அண்ணாச்சி பயந்தார். பாடினவர் செத்து வெகுகாலமாகிவிட்டது, உரிமை தீர்ந்துவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று விளக்கினேன். “அப்போ புறம்போக்குன்னு சொல்லு, முடிஞ்சுட்டு” என்றார். எனக்கும் அது பிடித்துப்போனது. ‘புறம்போக்கில் ஒரு புதையல்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டோம்.

பத்திரிகை வந்த மறுநாளே திருவேங்கடம் டவுன் பஸ்ஸில் ஏர் பிடிக்கிற ஒரு சம்சாரி வந்து இறங்கினார். கையில் பத்திரிகை. படித்த ஆள் வந்துவிட்டார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லி, அந்தச் சிந்தின் சந்தத்தைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“புதையல் கெடக்கட்டும் தம்பி, அத சர்க்காரு எடுத்துக்கிடும். அந்தப் புறம்போக்குக்கு சர்வே நம்பர் என்ன, அத மட்டும் சொல்லும்.”

பூட்டன்

அந்தச் சிந்தைப் பாடியவரின் பேரனுடைய மகன் ரத வீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பது எனக்குத் தெரியாது. டீக்கடையில் யாரோ நல்லபடியாகச் சொல்லி ஏற்றிவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக அச்சகத்துக்கே வந்துவிட்டார். “எவம்லே அது, எங்க பூட்டன புறம்போக்குன்னு எழுதினவன்?”

எனக்குக் குரல் எப்போதுமே தணிவு; சண்டைக்கு ஆகாது. பேசுவதற்குப் பதில் புத்தகத்தை விரித்து வாசித்தேன். ‘மோரு கேட்டேன் தண்ணி தந்தா, தண்ணி கேட்டேன் சிரிச்சு நின்னா’ என்ற இடத்தில் வந்தவர் மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். “இன்னொருக்க சத்தமா வாசி” என்றார். வாசித்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் அண்ணாச்சியைப் பார்த்தேன். “கேட்ட ஆளு கணக்குல வராது, படிச்ச ஆளு வேணும்” என்றுவிட்டார். பாத்திரக் கடைக்காரர் போகும்போது வாசலில் நின்று திரும்பிச் சொன்னது மட்டும்தான் அன்றைய வரவு:

“எங்க பூட்டன் பாட்டுக் கட்டுனாரா! எங்க வீட்ல எவனுக்கும் பேச்சே ஒழுங்கா வராதே வே!”

அழகு

தபசுக்குக் கொடி ஏறிவிட்டது. கடைசி முயற்சியாக மாட்டு வைத்தியத்தைக் கும்மியாகப் பாடிய ஒரு புத்தகத்தை எடுத்தேன். அசைபோடாத பசுவுக்கு மருந்து சொல்லும் பாட்டில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதி இடம் முழுக்க அதன் எதுகையழகு, மோனையழகு என்று உருகியிருந்தேன்.

இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பசு அசைபோடவில்லையாம், மாட்டாஸ்பத்திரி டாக்டர் லீவாம். பத்திரிகையை மேஜையில் விரித்து வரிக்கு வரி விரலை வைத்தார். “சுக்கு போட்டாச்சு, ஓமம் போட்டாச்சு. பொறவு என்ன? கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேன், ஒண்ணுமில்ல. ஏய்யா, பாதி மருந்த எழுதிட்டு மீதிய அழகு அழகுன்னு எழுதிருக்கீரே, அழகக் கரைச்சு மாட்டுக்கு ஊத்த முடியுமா?”

பதறிப்போய்ப் புத்தகத்தை எடுத்து ராகத்தோடு ஆரம்பித்தேன். “பாடாதீரும். உப்பா, வெல்லமா, அதச் சொல்லும்” என்றார். வெல்லம் என்றேன். போய்விட்டார்.

தபசன்று சாமி காட்சி கொடுப்பதைப் பார்க்க வந்த கூட்டத்தில் அந்த அம்மா அச்சக வாசலில் எட்டிப் பார்த்தார். பசு தேறிவிட்டதாம். கோழிச் சீக்குக்கு ஏதாவது பாட்டு இருக்கிறதா என்று கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், உர பிளாக்கைப் பார்த்தார், அதை எடுத்து அலமாரிக்குள் போட்டார்.

“ஏலே, கோழிக்குப் பாட்டு எழுதின புலவன் எவனாவது செத்துருக்கானான்னு பாருலே!”

புறம்போக்கு என்று எழுதினால் ஊரே திரண்டு வரும், அழகு என்று எழுதினால் பசுகூடத் திரும்பிப் பார்க்காது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற இலக்கணம்.