அத்தை எடுத்த பந்து

அத்தை கல்லூரியில் வாலிபால் ஆடியதை, ஏதோ காய்ச்சல் வந்து குணமானதைப் போலத்தான் எங்கள் வீட்டில் பேசுவார்கள். அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை. தஞ்சாவூரில் படித்து, கல்லூரி அணிக்குக் கேப்டனாக இருந்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பியிருந்தாள். அவள் வாங்கிய கோப்பைகளில் அம்மா கடுகும் வெந்தயமும் போட்டு வைத்தாள். மாப்பிள்ளை தேட ஆரம்பித்ததும் தரகர் வந்து, பெண் ஓடி ஆடியதெல்லாம் வெளியே தெரிய வேண்டாம், பூவேலை தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். அத்தைக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

சாயங்காலமானால் என்னைக் காற்று வாங்கக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்புவாள். அங்கே எங்கள் தெருப் பெண்கள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்திருப்பார்கள். இரண்டு சவுக்குக் கம்பு, நடுவே ஒரு கயிறு, அதுதான் எங்கள் மைதானம். விழுகிற பயம் போனால்தான் பந்து எடுக்க வரும், மணலில் விழுந்தால் அடிபடாது என்பாள் அத்தை. நாங்கள் பந்தை எடுத்ததைவிட மணலைத் தின்றதுதான் அதிகம்.

விழிதியூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நெல் விவசாயக் குடும்பம், மாப்பிள்ளை அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. கேசரி, பஜ்ஜி, யாரோ பூப்போட்ட தலையணை உறை, எல்லாம் நல்லபடியாக முடிந்தன. கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா, வந்ததுதான் வந்தோம், கடலையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றார். அப்பா உற்சாகமாக எல்லோரையும் அழைத்துக்கொண்டு நடந்தார். பட்டுப்புடவையில் அத்தை தலை குனிந்து வந்தாள்.

பெண்கள் தாங்களாகவே ஆடிக்கொண்டிருந்தார்கள். அத்தையைப் பார்த்த குஷியில் ஒருத்தி ஓங்கி அடிக்க, பந்து நேராக மாப்பிள்ளையின் அம்மா முகத்துக்கு வந்தது. அத்தை குறுக்கே பாய்ந்து, பட்டோடு மணலில் விழுந்து, இரு கைகளையும் சேர்த்து அதை மேலே எழுப்பினாள். பந்து அழகாக வளைந்து கயிற்றைத் தாண்டி இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம்.

"கைய மடக்காம அடின்னு எத்தன தரம்டி சொல்றது?" என்று அந்தப் பெண்ணை ஒரு அதட்டு அதட்டினாள்.

மாப்பிள்ளையின் அம்மா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அப்பாவிடம், "பூவேலை நல்லாத்தாங்க செய்யுது பொண்ணு" என்றார்.

தரகர் அதன்பின் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அப்பா அத்தையிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அத்தை விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெரு நடுவே நடந்து போனாள். மூக்கு தப்பிய கதை ஊரெல்லாம் பரவியதில் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் அதிகமானார்கள். எங்கள் பள்ளித் தலைமையாசிரியை ஒருநாள் மணலில் நின்று பார்த்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோச்சாக வர முடியுமா என்று வீட்டுக்கே வந்து கேட்டார். அரசாங்கச் சம்பளம் என்றதும் அப்பாவுக்குப் பேச்சு திரும்பி வந்தது.

அந்த நாட்களில்தான் விழிதியூர் மாப்பிள்ளை சைக்கிளில் தனியாக வர ஆரம்பித்தார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அலைக்குள் போன பந்தை எடுத்து வருவார். தூக்கி எறிந்தால் ஆயிற்று. அவரோ ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து அத்தை கையில்தான் கொடுப்பார். ஆட்டம் தடைபடுகிறதே என்று எனக்கு ஆத்திரம். இந்த ஆளை நாளையிலிருந்து வர வேண்டாமென்று சொல் என்று அத்தையிடம் முறையிட்டேன்.

"கத்துக்குவாருடி" என்றாள் அத்தை.

எனக்கு நம்பிக்கையில்லை. பந்து எந்தப் பக்கம் போனாலும் அவர் அத்தை நிற்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவருக்கு வாலிபால் எந்தக் காலத்தில் வரப்போகிறது?