இறங்கச் சொன்ன பாரம்

போன மாதம் நடந்தது. விலையுயர்ந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிய என் மகன், வேகம் கூட்டுவதற்காகப் பின் சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றி எடையைக் குறைத்திருந்தான். அன்று என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், வேகத்தைச் சோதித்துப் பார்க்கப் புதுச்சத்திரம் தாண்டி, ஆளில்லாத கிளைச் சாலையில் நிறுத்தினான்.

"அம்மா, நீங்களும் எறங்குனா இன்னும் பாரம் கொறையுமுங்க."

"ஏஞ்சாமி, நான் உனக்குப் பாரமா?" என்று சிரித்தபடியே இறங்கினேன்.

கார் சீறிப் பாய்ந்தது. பாரமில்லாத பின்பக்கம் மழை ஈரத்தில் வழுக்க, வண்டி ஒரு சுற்றுச் சுற்றிப் புளியமரத்தை உரசுவதுபோல் நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்திருந்தான்.

"ஏறிக்குங்கம்மா. மெதுவாவே போலாம்."

சிறுவனாக இருந்தபோது, பள்ளி விட்டு வருகையில் என் மொபெட்டிலேயே தூங்கி முதுகில் சாய்வான். அந்தப் பாரம் பட்டதும் வேகத்தைக் குறைத்துவிடுவேன். அன்று என்னை ஏற்றிக்கொண்டு அவனும் அதே வேகத்தில்தான் வீடு வந்து சேர்ந்தான்.