லித்தாரியின் அறுநூறு பேர்

போ நதிக்கரையில் குளிர்காலம் வந்தால் பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஈரத்தில் ஒன்பது வருஷம் எழுதியே ஸ்தமாத்திஸ் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். கிரேக்கர். துருக்கர் ஊரைப் பிடித்தபோது ஒரு பழைய சரித்திரப் புத்தகத்தை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டு கப்பலேறியவர். அதை வரிக்கு வரி கரடுமுரடான லத்தீனில் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. பண்டிதர் தெதால்தி அதற்கு நகைநட்டுப் பூட்டித் தன் பெயரில் ஊரை ஆளும் பிரபுவிடம் கொண்டுபோவார். தெதால்தியின் கிரேக்கம் அரைகுறை. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், தெதால்தியைத் தவிர.

அந்தக் குளிரில்தான் புத்தகத்தில் லித்தாரி வந்தது. ஸ்தமாத்திஸ் பிறந்த ஊர். ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முன் ஒரு தளபதி உயிருக்கு வாக்குக் கொடுத்தான், ஊர் சரணடைந்தது, அன்றே ஆண்கள் அறுநூறு பேரை வெட்டினான். அந்த ஊரைப் பற்றி உலகத்தில் இருந்த எழுத்து அவ்வளவுதான்.

"இது வேண்டாம்," என்றார் தெதால்தி.

"ஏன் ஐயா?"

"போன வருஷம் சரணடைஞ்ச மலையடிவாரத்து ஊர்ல நம்ம பிரபு என்ன பண்ணிட்டு வந்தாருன்னு உமக்குத் தெரியாதா? தன்னைத்தான் குத்திக்காட்டுறோம்னு நினைப்பாரு. ஜனங்க கதவைத் திறந்து மாலை போட்டாங்கன்னு எழுதிடும்."

"மாலை எங்கய்யா போட்டாங்க? செத்துல்ல போனாங்க."

"செத்து எத்தனை காலமாச்சு, ஓய். இப்ப வந்து கேக்கவா போறாங்க?"

கேட்க நான் இருக்கிறேனே என்று நாக்கு நுனிவரை வந்தது. அறுபத்தொரு வயதில் வேறு அடுப்பைத் தேடிப் போக முடியுமா? மாலை போட்டதாகவே எழுதினார்.

மனசு கேட்கவில்லை. பிரதி எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓரத்தில் குறியிட்டு ஒரு வரி இருந்தால், விட்டுப்போன வரி என்று யோசிக்காமல் உள்ளே சேர்த்துவிடுவார்கள். தெதால்தி பார்த்து முடித்த பக்கத்தில் ஸ்தமாத்திஸ் அந்தக் குறியை இட்டு எழுதினார்: 'அன்றே அவ்வூர் ஆண்கள் அறுநூறு பேர் வெட்டப்பட்டனர்.' வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினார்.

வசந்தத்தில் பிரபுவின் கூடத்தில், மதிய விருந்துக்குப் பின், தெதால்தி நல்ல பிரதியை வாசித்தார். மாலை போட்ட வரி. அடுத்த மூச்சில் அறுநூறு பேர். அவர் குரல் அங்கேயே நின்றது. பின்வரிசையில் ஸ்தமாத்திஸ் வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டார். ஆனாலும் நாலு பேர் காதில் விழுந்துவிட்டது, இனி என்ன ஆனாலும் சரி என்றிருந்தது.

பிரபு கோபப்படவில்லை. "மாலை போட்டவனை எதுக்கு வெட்டணும்? ஏதோ துரோகம் பண்ணியிருப்பானுங்க."

"அதேதான் பிரபுவே," என்றார் தெதால்தி, போன உயிர் திரும்பியவராக. "மாலைக்குள்ள கத்தி ஒளிச்சு வெச்சிருந்தாங்க. பிரதி எடுத்தவன் அந்த வரியை விட்டுட்டான். இன்னைக்கே சேத்துடறேன்."

பிரபுவுக்கு முகம் தெளிந்தது. போன வருஷத்து ஊருக்கும் சேர்த்தே ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா.

சாயங்காலம் தெதால்தி அந்த ஓரத்து வரி இருந்த பக்கத்தை ஸ்தமாத்திஸ் முன் வைத்தார். "ஓரத்துல எழுதினது யாருன்னு நான் கேக்கல. கையெழுத்து ஒத்துப்போகும். கத்தி வரியையும் நீரே எழுதிடும்."

ஸ்தமாத்திஸ் எழுதினார். பழைய கிரேக்கப் புத்தகம் பெட்டியில்தான் இருந்தது. அதைச் சரியாகப் படிக்க அவரை விட்டால் அங்கே ஆளில்லை. சும்மா இருந்திருந்தால் லித்தாரிக்காரர்கள் மாலை போட்ட அசடுகளாகவாவது உயிரோடு இருந்திருப்பார்கள். இப்போது செத்தும் துரோகிகள். தெதால்தி எழுதியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். கத்தியை மாலைக்குள் வைத்தது லித்தாரிக்காரன் ஒருவனின் கை.