புகைப்புரையில் காய்ந்த விதைப்பயறு

புரட்டாசியில் ஒருநாள் ராஜையன் தொலைபேசியில் அழைத்தார். நான் உயிரியல் ஆசிரியராக இருந்த பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தவர். இப்போது வெள்ளறடைப் பக்கம் விவசாயம். "பயறு மொத்தம் மஞ்சளாப் போச்சு சாரே. ஒருக்கா வந்து பாருங்க" என்றார். குரலே சரியில்லை. மறுநாள் காலை கிளம்பிவிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து பாறசாலைக்குப் பயணிகள் ரயிலில் பதினைந்து ரூபாய், ஒரு மணி நேரம். அங்கிருந்து குன்னத்துகால் வழியாகப் பேருந்து. வெள்ளறடையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ராஜையன் வீட்டுக்கு எண்பது ரூபாய்.

"ராஜையன் அண்ணனுக்க பயறு பாக்கவா?" என்றார் ஓட்டுநர். "பாக்கதுக்கு அங்க என்ன உண்டு? எங்க வீட்டு விதையும் சேந்து போச்சு."

எப்படிப் போயிற்று என்பதை ராஜையனின் மனைவி தங்கமணி சொன்னார். ஆனி மழை விடவே இல்லை. பறித்த விதைப்பயறு பூசணம் பிடிக்கத் தொடங்கியது. ரப்பர் ஷீட்டை விறகுப் புகையில் உலர்த்தும் கொட்டிலான புகைப்புரை அந்தப் பக்கத்தில் ராஜையன் வீட்டில்தான் உண்டு. அக்கம்பக்கத்தாரும் தங்கள் விதையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெள்ளை உடம்பில் சிவப்புக் கண் வைத்த பயறு. அங்கே எல்லாரிடமும் அந்த ஒரே இனம்தான். மொத்தமும் ஷீட்டுக்குக் கீழே புகையிலும் சூட்டிலும் காய்ந்தது.

"ஷீட்டும் விதையும் ஒண்ணுண்ணு நெனச்ச மனுசனாக்கும் இவரு."

"முளைச்சு நாறட்டும்ணு விட்டிருக்கணுமா?" என்றார் ராஜையன்.

விதைத்ததில் முக்கால்வாசி முளைக்கவில்லை. முளைத்ததிலும் அந்தப் பக்கம் முழுக்க ராஜையன் நிலத்தில் நின்ற பத்துப் பன்னிரண்டு செடிகளே மிச்சம், அவையும் வெளிறியிருந்தன. மண்ணில் இருக்கும் ஒருவகை பாக்டீரியா பயறின் வேருக்குள் புகுந்து முடிச்சு கட்டும். காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துத் தரும்; அது குறைந்தால் இலை மஞ்சளாகும். கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் முகம் பார்த்து உறவுக்காரர்களை உள்ளே அழைப்பதுபோல, ஏற்ற பாக்டீரியாவை அடையாளம் காணச் சில புரதங்கள் உதவுகின்றன. விதை நனையும்போது அவற்றில் கொஞ்சம் மண்ணில் கசியும். மிகுந்த சூட்டில் புரதம் கெட்டுவிடும். வெந்த முட்டை மறுபடி நீராகாது அல்லவா? ஆனால் வேரும் பிறகு அதே வேலைக்குப் புரதம் உண்டாக்கும். ராஜையன் விதைத்தது புதிதாக ரப்பர் மரங்களை வெட்டி எடுத்த நிலம்; அந்த மண்ணில் அந்த பாக்டீரியாவே குறைவாக இருந்திருக்கலாம். ஆகவே சூடுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை.

வேரைப் பார்த்தால் முடிச்சு இருக்கிறதா என்றாவது தெரியும். ஆனால் பார்க்க வேண்டுமானால் செடியைப் பிடுங்க வேண்டும். அந்த இனத்துக்கு இனி விதை வர வேண்டியதே அந்தச் செடிகளிலிருந்துதான்.

தங்கமணி ஓரத்துச் செடியைத் தானே பிடுங்கி என்னிடம் நீட்டினார். மண்ணை உதறினேன். கடுகளவில் ஒரே ஒரு முடிச்சு. நகத்தால் கீறினேன். நன்றாக வேலை செய்யும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். இது சாம்பல் வெளுப்பு.

இன்னொன்று பார்க்கலாமா என்றேன்.

"வேண்டாம் சாரே. அறிஞ்சு என்ன செய்ய? நிக்கியது நிக்கட்டு" என்றார் தங்கமணி.

கொஞ்சம் மக்கிய சாணம் போடச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நேற்று ராஜையன் அழைத்தார். பூ வந்ததாம், எல்லாம் கொட்டிவிட்டதாம்.

மழைக்காலத்தில் விதைப்பயறை வீட்டுக்குள் துணி விரித்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். எல்லா வீட்டு விதையையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். வெள்ளறடைப் பக்கம் போகிறவர்கள் யாரிடமாவது அந்தச் சிவப்புக் கண் பயறு இருந்தால், ராஜையன் வீட்டுக்கு ஒரு பிடி கொண்டு போங்கள். புகை படாததாக இருக்கட்டும். வழி மேலே சொல்லியிருக்கிறேன்.