அரைத் தலையோடு ஒரு வாரம்

ஊரடங்கு என்று சொன்னபோது எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. நான் வெளியே போவது எதற்கு? கோயிலுக்கு, மாவு மில்லுக்கு, எப்போதாவது மகள் வீட்டுக்கு. அதுவும் இல்லையென்றால் குடி முழுகிவிடாது. சொல்லப்போனால் முதலில் சுகமாகவே இருந்தது. எங்கள் அக்ரஹாரத்துத் தெருவில் கோலம் போட்டுவிட்டு இடுப்பை நிமிர்த்துவதற்குள் யாராவது ஒரு புண்ணியவான் ஸ்கூட்டரை அதன் மேலேயே ஏற்றிவிட்டுப் போவான். அந்த நாட்களில் காலையில் போட்ட கோலம் விளக்கு வைக்கும் நேரம்வரை போட்டபடியே கிடந்தது. வேலையை விட்டுவிட்டு நானே வாசலுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் பாருங்கள்.

தொல்லை எல்லாம் என் வீட்டுக்காரரால் வந்தது.

அவர் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் பஞ்சுத் தூசியை மூச்சில் வாங்கிய நெஞ்சு. குளிர்காற்று பட்டாலே இழுப்பு வந்துவிடும். சட்டைப் பையில் மூச்சுக்கு உறிஞ்சுகிற பஃப் இல்லாமல் மாடிப்படி ஏற மாட்டார். இந்த நோய் வந்தால் அவர் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். பெங்களூரில் இருக்கிற மகள் தினமும் கூப்பிட்டு அதையே எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"அம்மா, அப்பாவை வாசப்படி தாண்ட விடாதே. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

நம்பினாளாம். அவரை வாசற்படி தாண்டவிடாமல் வைக்க எங்கள் மலைச்சாமி மாதேஸ்வரனே மலையிறங்கி வந்தாலும் முடியாது. தெருக்கோடியில் ஒரு காபி ஹோட்டல். மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர், தபால் ஆபீஸ்காரர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், இவர் என்று நாலு பேரும் வேலையிலிருந்து நின்ற நாள் முதலாக அங்கேதான் உட்கார்ந்து நாட்டை நடத்துகிறார்கள். ஊரடங்கு வந்து ஹோட்டல் கதவை இறக்கிவிட்டார்கள். அதனால் என்ன? பின்பக்கச் சந்தில் ஒரு ஜன்னல் இருந்தது. காபி அதன் வழியே வந்தது.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"கொத்தமல்லி வாங்கியாறேன்."

"நேத்து வாங்கப் போன கொத்தமல்லியே இன்னும் வந்து சேரலைங்களே."

"நேத்துக் கடைக்காரன் இல்லை புள்ளே."

"காபிக்காரன் மட்டும் இருந்தானாக்கும்?"

துணிப்பையை உதறிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடுவார்.

"போலீசு அடிக்கறாங்களாமுங்க."

"எழுபத்தஞ்சு வயசு ஆளை எவன் அடிப்பான்? அடிக்கட்டும், அப்பத் தெரியும் நான் யாருன்னு."

"யாருங்க நீங்க?"

முறைத்துவிட்டுப் போய்விடுவார். முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கும். திரும்பி வருகிறவரை எனக்கு அடுப்பில் வைத்தது எதுவும் வாய்க்கு விளங்காது. ராத்திரி அவர் இருமினால் நான் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் கையைத் தட்டிவிட்டு, "தூங்க விடு" என்பார். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அவர் குறட்டை விடுவார்.

ஆனால் அவரிடம் ஒரு பலவீனம் உண்டு. தலைமுடி. இந்த வயதிலும் வழுக்கை இல்லை. பஞ்சு மாதிரி வெள்ளை முடி, எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருப்பார். மாதம் தவறாமல், ஒரு நல்ல கிழமையாகப் பார்த்து முடி வெட்டிக்கொண்டு வருவார். ஊரடங்கில் சலூனும் மூடிப்போனது. முடி காதை மூடி, பிடரியைத் தாண்டி, சட்டைக் காலர்மேல் புரள ஆரம்பித்தது. எண்ணெய் வைத்துச் சீவினாலும் இரண்டு பக்கமும் சிலுப்பிக்கொண்டு நின்றது. அந்தக் கோலத்தைக் கண்ணாடியில் பார்த்துக் கூசியாவது வீட்டோடு இருப்பார் என்று நான் நினைத்தேன். இல்லை, போய்க்கொண்டுதான் இருந்தார்.

ஒரு நாள் போன வேகத்தில் திரும்பி வந்தார். தெருமுனையில் நின்ற போலீஸ்காரப் பையன், "என்ன தாத்தா, மலைக்கு வளக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டானாம். கன்னடச் சீமையில் எங்கள் ஹனூர்ப் பக்கத்துச் சனம் மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்டு முடி வளர்த்து அங்கே போய் இறக்குவது வழக்கம். அவன் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறான். இவருக்குப் பொறுக்கவில்லை.

"வேண்டுதலாம்! என்னைப் பாத்தா பரதேசியாட்டம் இருக்குதாம்! எடு புள்ளே கத்திரிக்கோலை."

"நானுங்களா?"

"வேற யாரு இருக்கா இங்கே?"

"எனக்குத் தெரியாதுங்க. காதை வெட்டிப்புடுவேன்."

"காது போனாப் போகட்டும்."

முடி வெட்டினால் இன்னும் மிடுக்காக வெளியே கிளம்புவார் என்று எனக்குத் தெரியாதா? ஜாக்கெட் வெட்டி, பாவாடை வெட்டித்தான் பழக்கம் என்று இரண்டு நாள் சாக்குச் சொன்னேன். பார்த்தால் கண்ணாடி முன்னால் நின்று முகம் வழிக்கிற பிளேடைக் கையில் எடுத்துவிட்டார். அப்புறம் என்ன செய்வது? கத்தரிக்கோலைத் தேடி எடுத்தேன்.

முதலில் கிழமை பார்த்தார். அதில் அவர் கறார். செவ்வாய், வெள்ளி, சனி முடியில் கத்தரி படக்கூடாது. இப்போது வெளியூரில் இருக்கிற என் மகனை, அவன் சின்ன வயதில், செவ்வாய்க்கிழமை சலூன் நாற்காலியிலிருந்தே எழுப்பி இழுத்து வந்தவர். சுவரில் தினசரிக் காலண்டர் திங்கள் என்று காட்டியது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஆனாலும் கிழமையை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். "திங்கள்தானுங்க" என்றேன். "எனக்குத் தெரியாதா?" என்று வந்து உட்கார்ந்தார்.

பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூல். கழுத்தைச் சுற்றி என் பழைய சேலைத் துண்டு. சீப்பைத் தண்ணீரில் நனைத்து நான் நிதானமாக ஆரம்பித்தேன். எனக்கு எதிலும் அவசரம் கிடையாது. வலது காதோரம் வழித்து, மேலே ஏற்றி, பின்பக்கம் பாதிவரை வந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில் அவர் பிடரியை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. காதுக்குப் பின்னால் மிளகு மாதிரி ஒரு மச்சம் இருந்தது. எண்ணெய்க் குளியலுக்குக்கூடத் தானே தேய்த்துக்கொள்கிறவர். அன்றைக்கு "குனிங்க" என்றால் குனிந்தார், "ஆடாதீங்க" என்றால் ஆடவில்லை. இது தெரிந்திருந்தால் எப்போதோ கத்தரிக்கோலை எடுத்திருப்பேனே என்று நினைத்துக்கொண்டேன். கத்தரிக்கோல் சத்தம், வெயில், தோளில் விழுகிற வெள்ளை முடி. நன்றாகத்தான் இருந்தது.

அப்போது மாடிவீட்டுக் கன்னடக்கார அம்மா துணி காயப்போட வந்து மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மா, இவத்து மங்களவாரா அல்வா?"

மங்களவாரம் என்றால் செவ்வாய். இன்று செவ்வாய் இல்லையா என்று கேட்கிறார். என் கை அப்படியே நின்றது. விஷயம் இதுதான்: பேப்பர் வந்ததும் காலண்டரில் தாள் கிழிப்பது இவர் வழக்கம். கிருமி வரும் என்று மகள் பேப்பரை நிறுத்தச் சொல்லிவிட்டாள். பேப்பர் நின்றது, தாள் கிழிப்பதும் நின்று நின்று நடந்தது. ஒரே மாதிரி விடிந்து ஒரே மாதிரி அடைகிற பொழுதில் யாருக்குக் கிழமை ஞாபகம்?

"நிறுத்து!" என்று கத்தினார்.

"அரைத் தலைங்க."

"நிறுத்துன்னா நிறுத்து. ஒரு முடி விழக்கூடாது."

"வெட்டினது வெட்டியாச்சு. மீதியையும்…"

"தெரியாமச் செஞ்சது வேற, தெரிஞ்சு செய்யறது வேற. வையி கீழே."

எழுந்து உள்ளே போய்க் கண்ணாடி பார்த்தார். வலது பக்கம் மில் மேஸ்திரி, இடது பக்கம் பரதேசி. நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

நாளைக்கு முடித்துவிடலாம் என்றேன். அவரே விரல் மடக்கினார். புதன் அமாவாசை, கூடாது. வியாழன் குருவுக்கு உகந்த நாள், அவர் அப்பா காலத்திலிருந்தே வெட்டுவதில்லை. வெள்ளி, சனி கேட்கவே வேண்டாம். ஞாயிறு அவர் பிறந்த கிழமை, ஆயுசு குறையுமாம். அடுத்த திங்கள்தான். விரலை மடக்க மடக்க அவர் முகம் சுருங்கியது, எனக்குள்ளே குளிர்ந்தது. நானாகக் கதவைப் பூட்டியிருந்தால்கூட இவ்வளவு கெட்டியாகப் பூட்டியிருக்க முடியாது.

"தலையிலே துண்டு கட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"அந்தச் சூப்பர்வைசரு கையைக் கட்டிட்டு இருப்பான்னு நெனச்சியா? துண்டை உருவிப்போட்டுத்தான் மறுவேலை பாப்பான். சாகிறவரைக்கும் சொல்லிச் சிரிப்பான்."

அந்த வாரம் அவர் வெளியே போகவில்லை. பாலுக்கும் காய்க்கும் நான்தான் வாசலுக்குப் போனேன். போனில் காபிக் கூட்டாளிகள் கூப்பிட்டபோது, "கால்லே சுளுக்கு" என்றார். வீட்டுக்குள் இருந்து என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். நான் வைக்கிற குழம்பை மூடி திறந்து பார்த்தார். "தீ சாஸ்தி" என்றார். "கடுகு வெடிக்கறதுக்குள்ளே கறிவேப்பிலை போடறே" என்றார். கொத்தமல்லிக் கட்டைச் சோப்புத் தண்ணீரில் அலசி வைத்து ரசத்தை நுரைக்க வைத்தார். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற மனுசனுக்கு இத்தனை வருசத்துக்குப் பிறகு சமையல் ஞானம் பிறந்துவிட்டது. ஆனாலும் ராத்திரி அவர் இருமினால் அது வெறும் இருமல்தான் என்று எனக்குத் தெரிந்தது. நான் தூங்கினேன்.

சனிக்கிழமை காலையில் தெருக்கோடியில் ஆம்புலன்ஸ் வந்தது. ஹோட்டல்காரருக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சலாம். பின்பக்கச் சந்தின் வாயை மூங்கில் கட்டி அடைத்தார்கள். ஜன்னலில் காபி குடித்தவர்கள் எல்லாரையும் தேடிப் பிடித்து ஒரு விடுதிக்குக் கொண்டுபோனார்கள். சூப்பர்வைசர் போனார், தபால் ஆபீஸ்காரர் போனார். வாத்தியாரை விடுதிக்குக் கொண்டுபோகவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்கு. எங்கள் வீட்டுக்கும் ஆள் வந்து கேட்டார்கள். இவர் எத்தனை நாளாக வரவில்லை என்று சூப்பர்வைசரே சொல்லிவிட்டாராம். எதற்கும் இருக்கட்டும் என்று மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

மகள் போனில் அழுதாள். "அம்மா, நீதான் அப்பாவைக் காப்பாத்தினே."

"நான் எங்கே காப்பாத்தினேன்? உங்கப்பனோட சாஸ்திரம் காப்பாத்துச்சு. போனை வை, அடுப்பிலே பால் இருக்குது" என்றேன்.

வாத்தியார் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே கொண்டுபோய்விட்டார்கள், அவர் பெண்சாதிகூட முகம் பார்க்கவில்லை. செய்தி வந்தது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலையில் நான் இவருக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டேன். வந்து உட்கார்ந்தார். மீதியை வெட்டினேன். பாதியில், "அவனும் நானும் ஒரே வயசு" என்றார். நான், "குனிங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

தலை முழுசாகிவிட்டது. இனி எந்தக் கிழமையும் அவரைத் தடுக்காது. அன்று முழுக்க நான் அவர் செருப்பின்மேல் ஒரு கண் வைத்திருந்தேன். அவர் செருப்பைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை.

அதற்குப் பிறகு சந்தில் கட்டிய மூங்கிலை அவிழ்த்தார்கள், கடைகள் திறந்தன, ஹோட்டல்காரரும் பிழைத்து வந்து கதவைத் தூக்கினார். ஸ்கூட்டர்கள் என் கோலத்தின்மேல் ஏற ஆரம்பித்தன. இவர் மட்டும் அசையவில்லை. காலையில் எழுந்தால் சமையலறை நாற்காலி. "இன்னிக்கு என்ன வைக்கப்போறே? நேத்து உப்புத் தூக்கல்." அவரை வெளியே விடக்கூடாது என்று அத்தனை பாடுபட்ட நான், "ஒரு நடை காத்தாடப் போயிட்டு வாங்களேன்" என்று கெஞ்சுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

"எதுக்கு? நீதானே போகாதே போகாதேன்னே?"

ஒரு நாள் கேட்டுக்கு வெளியே குரல் கேட்டது. சூப்பர்வைசர். பாதியாக இளைத்திருந்தார். பக்கத்தில் தபால் ஆபீஸ்காரர்.

"டேய் மேஸ்திரி! உசிரோட இருக்கியா? வா, காபிக்கு."

இவர் கேட்டுவரை போனார். கதவைத் திறக்கவில்லை. அவர்களும் உள்ளே வரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் ஒருவர், காது கேட்காதவர்கள் மாதிரி கத்திக் கத்திப் பேசினார்கள். வாத்தியாரைப் பற்றிப் பேசினார்கள். நான் சமையலறையில் தனியாக நின்று, நீங்கள் நம்பமாட்டீர்கள், ஒரு முறுக்கை எடுத்து யாரும் எதுவும் சொல்லாமல் நிம்மதியாகக் கடித்தேன்.

கடித்து முடிக்கவில்லை.

"ஏ புள்ளே! மூணு காபி!"

அன்றிலிருந்து இப்படித்தான். காலை பத்து மணிக்குக் கேட்டுக்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், உள்ளே ஒன்று. டிகாஷன் இறக்குகிறவள் நான், டம்ளர் கழுவுகிறவள் நான். நேற்று சூப்பர்வைசர் ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மணி, ஓட்டல்லே இன்னும் கொஞ்சம் திக்கா இருக்கும்" என்றார்.

"ஓட்டல் தெருக்கோடியிலேதானுங்க இருக்குது" என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. நான் இன்னொரு கரண்டி தூள் போடப் போனேன்.