ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்த பக்கவாதம்

மீன் ஏலக்கூடத்தில் அவருக்கு 'மைக்செட்' என்று பெயர். ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று அவர் விலை கூவினால், வெளியே லாரி நிற்கும் இடம்வரை கேட்கும். எடையில் யாராவது கை வைத்தால் கூடமே அதிரும். கோபக்காரர்தான். ஆனால் காரணமில்லாமல் கோபப்பட மாட்டார் என்று, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே சொல்வார்கள்.

வீட்டில் மட்டும் அந்தத் தொண்டை எடுபடாது. மனைவி பள்ளி வேன் ஓட்டுபவர். கூச்சலுக்குப் பழகிய காது.

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா? அந்த சிகரெட்ட எப்ப விடப் போறீங்க?"

"நான் கத்துற கத்துல பிரஷர் எல்லாம் வெளிய போயிடுது."

போகவில்லை. இதயத் துடிப்பும் தாறுமாறாகிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். உறைந்த கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம் என்றார் இதய டாக்டர். அந்த ஒரு மாத்திரையை மட்டும் மைக்செட் தவறவிட்டதில்லை.

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று படுத்தபோது அதை நிறுத்தச் சொன்னார்கள். கத்தி வைக்கும்போது ரத்தம் நிற்காது என்பதால் நிறுத்தத்தான் வேண்டும். முடிந்ததும் திரும்ப ஆரம்பிப்போம் என்றார்கள். ஆரம்பிக்கவில்லை. தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. காய்ச்சல் கொதித்தது. தண்ணீர்கூடச் சரியாக இறங்கவில்லை. மனைவி வருகிற டாக்டரிடமெல்லாம் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். "சொல்றோம்மா" என்று ஒவ்வொருவரும் நகர்ந்தார்கள்.

ஒரு மதியம் அவருக்குத் தண்ணீர் கொடுத்தபோது அது வலது கடைவாயில் வழிந்தது. அவர் கையிலிருந்த டம்ளர் நழுவியது. அவர் ஏதோ திட்டப் பார்த்தார். வார்த்தை குழைந்து வந்தது. மனைவி ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டார்.

"காய்ச்சல்ல உளறுவாங்கம்மா. தூங்க விடுங்க."

"வாய் ஒரு பக்கமா கோணிப் போச்சு. கை தூக்க முடியல."

"வலிக்குப் போட்ட ஊசி அப்படித்தான் இருக்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார்."

டாக்டர் வரவில்லை. மனைவியின் கண் எதிரே மைக்செட் மங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒரு சக்கர நாற்காலியை இழுத்துவந்து வார்டு வாசலில் குறுக்கே நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, அதிலேயே உட்கார்ந்துகொண்டார். மருந்து வண்டி, துணி வண்டி எல்லாம் தேங்கின.

"ஒரு டாக்டர் வந்து அவரைப் பாக்குற வரைக்கும் இது நகராது."

டாக்டர் வந்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதன்பிறகு எல்லாரும் ஓடினார்கள். ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் பெரிய அடைப்பு தெரிந்தது. ஆபரேஷன் ஆன உடம்பு. கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது. தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுத்தார்கள். உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் போய்விட்டன.

தலைமை டாக்டர் மனைவியை அறைக்கு அழைத்து உட்காரவைத்தார். பிரஷர், சிகரெட், இதயத் துடிப்பு என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"அதெல்லாம் அவர் வீட்டுலேர்ந்து கொண்டு வந்தது, டாக்டர். இங்க வந்தப்புறம் நீங்க என்ன சேர்த்தீங்க? அதச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சீழும் காய்ச்சலும் ரத்தத்தை இன்னும் உறையவைக்கும், நீர் வற்றியது அதைக் கூட்டும் என்று ஒப்புக்கொண்டார். மாத்திரையை இதய டாக்டர் ஆரம்பிப்பார் என்று அறுவை டாக்டர் இருந்தார்; அறுவை டாக்டர் சொல்லட்டும் என்று இதய டாக்டர் இருந்தார்.

"ரோட்டுல விழுந்திருந்தா யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பாங்க," என்றார் மனைவி. "உங்க கட்டில்லயே படுத்திருந்ததால யாரும் திரும்பிப் பாக்கல."

டாக்டர் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாள் அதை வாங்கிக்கொள்ளவில்லை, எழுந்து போய்விட்டார். கட்டிலில் இருக்கும் யாருக்கு வாய் கோணினாலும், டாக்டருக்குக் காத்திராமல் நர்ஸே நேராக மூளைப் பிரிவை அழைக்கலாம் என்று பிறகு உத்தரவு வந்ததாம். கேள்விப்பட்டும் அந்த அம்மாளின் கோபம் ஆறவில்லை.

மைக்செட் பேச்சுப் பயிற்சிக்குப் போனார். சொல் வாய்வரை வந்து திரும்பிப்போகும். அப்போதெல்லாம் இடது கையால் தன் தொடையையே அடித்துக்கொள்வார்.

மழைக்காலம் முடிந்து ஒரு பரிசோதனைக்குப் போனார்கள். புது டாக்டர் ஒருவர் மனைவியைப் பார்த்து, "இவர் நல்லா தூங்குறாரா? சாப்பிடுறாரா?" என்று கேட்டார்.

மேசையில் ஒரு அடி விழுந்தது. பேனா உருண்டு கீழே போயிற்று. மைக்செட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. மனைவி உதவிக்கு வரவில்லை; கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"எங்... கிட்ட," என்றார் அவர். மூச்சு வாங்கியது. "எங்கிட்ட... கேளு."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.