வாடகை வெளிச்சம்

அவளை எல்லோரும் கூப்பிடுவது 'மனுக்கா' என்று. தெருக்கோடியில் இருந்த சின்ன மருத்துவமனைக்காக நிதி கேட்டு மனு எழுதுவதுதான் அவள் வேலை. லேசுப்பட்ட வேலையா அது? கல்லில் நார் உரிக்கிற வேலை.

அங்கே பாதி நாள் மின்சாரம் இருக்காது. ஃபிரிட்ஜ் இருந்தும் தடுப்பூசி மருந்து வைக்க வழியில்லை. கூரையில் சோலார் தகடு போட்டால் தீர்ந்தது. சுகாதார நிதிக்காரர்களிடம் கேட்டாள். தகடு என்றால் எரிசக்தி, அங்கே போங்கள் என்றார்கள். எரிசக்திக்காரர்களோ, மருந்து என்றால் சுகாதாரம் என்று கையை விரித்தார்கள். "எந்தத் துறைன்னு கேட்டுக்கிட்டா சார் மருந்து கெட்டுப்போகுது?" என்று போனிலேயே கத்திவிட்டாள். கடைசியில் ஒரு சமூகநல நிதி, நேரில் வந்து பார்க்கிறோம் என்றது. அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

அதில்தான் மருத்துவமனையை நடத்தும் சங்கத்தின் தலைவர் மண்ணைப் போட்டார். நிதிக்காரர் வருகிறார் என்றாலே சுவருக்கு வெள்ளையடித்துப் பளபளவென்று காட்டுவது அங்கே வழக்கம். இந்த முறை ஒரு ஜெனரேட்டரையும் வாடகைக்குக் கொண்டுவந்து பின்பக்கம் நிறுத்திவிட்டார்.

"இருட்டைக் காட்டித்தானே சார் வெளிச்சம் கேக்கணும்?" என்றாள் மனுக்கா.

"அழுமூஞ்சியா நின்னா யாரும்மா தருவாங்க? நீ சும்மா இரு."

சும்மா இருந்தாள். அதை நினைத்தால் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

அதிகாரி வந்தார். விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது. தலைவர் பல்லைக் காட்டிக்கொண்டு குளிர்பானம் நீட்டினார். ஒரு வாய் குடித்த அதிகாரி, "எல்லாம் ஜோரா ஓடுதே! உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க நிறைய பேர் இருக்காங்க" என்றார். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

வாசலில் நர்ஸ், அதாவது மனுக்காவின் அண்ணி, கைக்குழந்தையோடு வந்த ஒருத்தியிடம், "மருந்து இல்லம்மா, அடுத்த வாரம் வா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போன வாரமும் இதையேதானே சொன்னீங்க?" என்றபடியே அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மனுக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. விறுவிறுவென்று பின்பக்கம் போய் ஜெனரேட்டரை அணைத்தாள்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே!" என்று பதறினார் தலைவர்.

அவள் திரும்பி வந்து ஃபிரிட்ஜைப் படாரென்று திறந்தாள். உள்ளே குளிர்பான பாட்டில்கள். மருந்து ஒன்றுகூட இல்லை.

"நல்லா பாருங்க சார். எரிஞ்சது வாடகை கரண்ட். ரொம்ப நாளைக்கப்புறம் இதுல குளிர்ந்தது உங்க கையில இருக்கிற பாட்டில்தான். பச்சப்புள்ளைக்கு ஊசி இல்ல, உங்களுக்கு மட்டும் ஜில்லுனு! எனக்கு வெக்கமா இருக்கு சார். உங்களுக்கு எப்படியோ."

அதிகாரிக்குப் பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "கரண்ட் எப்ப வரும்?" என்றார்.

"நேத்துப் போனது சார்" என்றாள் அண்ணி.

"வரட்டும். அதுவரைக்கும் இங்கேயே உட்கார்றேன்."

வேர்த்துக் கொட்டக் கொட்ட உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அவர் கிளம்பும்போதும் கரண்ட் வரவில்லை.

"இந்தத் தடவை கிடைச்சிடும் போலிருக்கே" என்றாள் அண்ணி.

"கிடைக்கட்டும் அண்ணி. அந்தப் புள்ள ஊசி போடாமத்தானே திரும்பிப் போச்சு?" என்று சீறினாள் மனுக்கா.